எதிர் நாற்காலியில் வால்நட்

அக்டோபர் 26, வியாழன்

ஜெனிட்டா இன்று என் டேப்லெட்டில் சீட்டாட்டம் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனாள். ஜெனிட்டா என் தம்பி மகள். வங்கியில் வேலை. நான் தனியாக இருப்பது பற்றி எனக்கு இல்லாத கவலை அவளுக்கு இருக்கிறது.

"இது இருபத்தெட்டு, அத்தை. நீங்க இன்ஸ்டிட்யூட்ல ஆடுவீங்களே, அதே ஆட்டம். ரெண்டு வாரம் ஃப்ரீ."

"ஃப்ரீயா தர்றவன் கார்டு நம்பர் எதுக்குக் கேக்கிறான்?"

"ரெண்டு வாரம் கழிச்சு சந்தா எடுத்துக்குவான். வேண்டாம்னா அதுக்கு முன்னாடி கேன்சல் பண்ணிடலாம்."

"அப்ப அது ஃப்ரீ இல்ல. மறதிக்காரங்களுக்கு விரிச்ச வலை."

எனக்கு மறதி கிடையாது. நவம்பர் ஒன்பதாம் தேதிக்குள் ரத்து செய்துவிடுவது என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தேன். அவளோ நிபந்தனைகளைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அழுத்தப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். கடைசி முற்றுப்புள்ளி வரை படிக்காமல் எதற்கும் சம்மதிக்கக் கூடாது என்று கான்வென்ட்டில் மதர் கொலம்பா சொல்லித் தந்தது என் எலும்பில் ஊறியிருக்கிறது. முழுவதையும் படித்தேன். ஆங்கிலம் சுமார்தான், இரண்டு இடத்தில் காற்புள்ளி இல்லை. காலி இருக்கைகளில் கணினி ஆட்டக்காரர்கள் அமர்த்தப்படுவார்கள் என்று ஒரு விதி. ஆக, எதிரில் ஆள் யாரும் இல்லை, எல்லாம் இயந்திரம். நல்லதாயிற்று. முன்பின் தெரியாதவர்களோடு உட்காரும் பழக்கம் எனக்கில்லை.

இன்னொரு விதி எரிச்சலூட்டியது. இலவசக் காலத்தில் நம் சொந்தப் பெயர் கிடையாது. அவர்களே ஒன்று சூட்டுவார்கள், காலம் முடிந்ததும் பிடுங்கிக்கொள்வார்கள். எனக்கு வந்த பெயர் டர்னிப். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஒர்க்ஸ் மானேஜருக்கு ஸ்டெனோவாக இருந்த மிஸஸ் பெர்னதெத் ஞானாதிக்கம், இந்த வயதில் ஒரு கிழங்கு.

அக்டோபர் 27, வெள்ளி

காலையில் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் பதினொன்றுக்கு என்றான், இரண்டுக்கு வந்தான்.

நாலு மணிக்கு ஆட்டத்தைத் திறந்தேன். மைக்கைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. கேட்ட விதம் மரியாதையாக இருந்ததால் அனுமதித்தேன்.

பச்சைத் துணி விரித்த மேசை. எதிரே என் ஜோடி, பெயர் வால்நட். இடமும் வலமும் எதிரணி. அந்த இரண்டு பேர் பெயருக்குப் பக்கத்திலும் குட்டியாக ஓர் இயந்திர முகம் வரைந்திருக்கிறார்கள். வால்நட்டுக்கு மட்டும் வரைய மறந்துவிட்டார்கள். கவனக்குறைவு.

வால்நட் மோசமில்லை, ஆனால் மந்தம். இடவலக்காரர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சீட்டைப் போட்டுவிடுகிறார்கள். இதுவோ யோசிக்கிறது. "ஜாக்கியைக் கையில வச்சுக்கிட்டு என்ன முழிக்கிறே? போடு!" என்று ஒரு சத்தம் போட்டேன். உடனே போட்டது. தற்செயல்.

அக்டோபர் 28, சனி

சனிக்கிழமை என்றாலே இன்ஸ்டிட்யூட்தான். ரயில்வேக்காரர்களின் கிளப்புக்கு அப்போது அதுதான் பெயர். மரப்பலகைத் தரை, உயரமான ஜன்னல்கள், டென்னிஸ் மைதானத்திலிருந்து வரும் பந்துச் சத்தம். சீட்டு அறையில் மட்டும் பேச்சே இருக்காது. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேள்வி கேட்பது, மறைத்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்வது தவிர வேறு வார்த்தை வந்தால் செக்ரட்டரி மிஸ்டர் லோபோ மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வை என் மேல் ஒருமுறையும் விழுந்ததில்லை. மேசையில் என் மௌனம் பேர் போனது.

இன்னொரு சட்டமும் இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே ஜோடியாக உட்காரக் கூடாது. வீட்டில் கண்ணாலேயே பேசிப் பழகியவர்கள் மேசையிலும் பேசிவிடுவார்கள் என்று மிஸ்டர் லோபோவின் சந்தேகம். அதனால் இவர் எப்போதும் எதிரணி. என் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருப்பார். எதிரே யார் யாரோ உட்கார்ந்தார்கள். பாய்லர் ஷாப் ஃபோர்மன், டாக்டர் வீட்டு அம்மாள், ஒரு வருடம் பியானோ டீச்சர்.

இவருடைய காதை நான் அறிந்த அளவுக்கு உலகத்தில் யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். நல்ல சீட்டு வந்தால் காது மடலின் மேல்பகுதி லேசாகச் சிவக்கும். அதை நான் ஒருநாளும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இன்று வால்நட்டிடம் சொல்லிக்கொண்டே விளையாடினேன். சுவரோடு பேசுவதைவிட இது பரவாயில்லை. சுவர் சீட்டுப் போடாது.

அக்டோபர் 29, ஞாயிறு

மழை. கோயிலுக்கு ஆட்டோவில் போய் வந்தேன். நாலு மணிக்கு ஆட்டம். வென்றோம்.

அக்டோபர் 31, செவ்வாய்

கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள்தான். மேஸ்திரியைக் கூப்பிட்டு இவர் கல்லறைக்கு வெள்ளை அடிக்கச் சொன்னேன். போன வருடம் சிலுவையின் பின்பக்கத்தை அடிக்காமல் விட்டிருந்தான். பின்பக்கத்தை யார் பார்ப்பார் என்று கேட்கிறான். நான் பார்ப்பேன்.

ஆட்டத்தின் நடுவே குக்கர் விசில் அடித்தது. என் வீட்டில் அடுப்பு எரியவில்லை. கீழ்வீட்டு விஜயாதான் இந்நேரத்தில் குக்கர் வைத்திருக்க வேண்டும். "கீழ்வீட்டுக்காரி நாலு மணிக்குச் சோறு வைக்கிறா பாரு வால்நட், இவளுக்கு ஒரு நேரம் காலம் கிடையாது" என்றேன். கொஞ்ச நேரத்தில் விசில் நின்றுவிட்டது.

வால்நட்டின் ஆட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; அதை முதலில் காட்டாது. எதிரணி ஏமாந்து புள்ளியுள்ள பத்தையும் ஏஸையும் இறக்கும்வரை ஜாக்கியைப் பொத்தி வைத்திருக்கும். இதற்குப் புரோகிராம் எழுதியவன் யாரோ, ஆட்டம் தெரிந்தவன்.

நவம்பர் 2, வியாழன்

காலையிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ஜெனிட்டாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சிலுவையின் பின்பக்கம் ஒழுங்காக வெள்ளை அடித்திருக்கிறான். சாமந்தி மாலை, மெழுகுவர்த்தி. தூறலில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பக்கத்துக் கல்லறைக்கு வந்த குடும்பத்தினர் குடை பிடித்தார்கள். அவர்கள் பெரிய குடும்பம், குழந்தைகள் கல்லறைகளுக்கு இடையே ஓடிப் பிடித்து விளையாடின. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பாதர் மந்திரித்துவிட்டுப் போனபின் நான் கொஞ்ச நேரம் நின்றேன். கல்லறையில் கால்மாட்டில் நின்றால்தான் எதிரே நிற்பது போல் இருக்கும்.

இன்று ஆடுவதாக இல்லை. ஆனால் நாலு மணிக்கு வேறு வேலை இருக்கவில்லை.

வால்நட்டிடம் சொன்னேன். இன்று யாரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவரோட சீட்டாடியிருக்கேன். ஒரு தடவைகூட எதிர்ல உட்கார்ந்து ஆடினதில்ல. அவர் ரிட்டயர் ஆனப்புறம் வீட்டுல ரெண்டே பேர், நாலு கை ஆட்டம் எங்க ஆடறது? ஒரு தடவை அவருக்கு ஜோடியா உட்கார்ந்து, அவர் ஜாக்கியைப் பொத்தி வச்சிருக்கார்னு எனக்குத் தெரிஞ்சு, நான் என் பத்தை நம்பி இறக்கிப் பார்த்திருக்கணும்" என்றேன். இயந்திரத்திடம் எதையும் சொல்லலாம்.

வால்நட்டின் முறை வந்தது. சீட்டுப் போடவே இல்லை. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. மழையால் இணைப்பு கெட்டிருக்கும். கடைசி நொடியில் ஏதோ ஒரு சீட்டை, போடவே கூடாத சீட்டைப் போட்டது. ஆட்டம் போயிற்று. நான் திட்டவில்லை. இயந்திரத்துக்கும் ஒரு நாள் உண்டு.

நவம்பர் 3, வெள்ளி

ஜெனிட்டா போன் செய்தாள். குரலில் உற்சாகம் இருக்கிறதாம். கல்லறைத் தோட்டத்து ஈரக்காற்றில் தொண்டை கட்டியிருக்கிறது, அதுதான் என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

வால்நட் இல்லை.

நாலு மணிக்குத் திறந்தேன். எதிரே 'பிஸ்தா' என்று எழுதியிருந்தது, பக்கத்தில் இயந்திர முகம். சீட்டு விழுந்த வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. யோசிப்பதே இல்லை. ஜாக்கி வந்தால் ஜாக்கி, அவ்வளவுதான். "பொறுமையா ஆடு" என்றேன். அதே வேகம். வெளியே வந்து மறுபடி திறந்தேன். பிஸ்தாதான்.

ஜெனிட்டா கேக் கொண்டுவந்திருந்தாள். அவளிடம் கம்பெனிக்காரனுக்குப் புகார் எழுத வேண்டும் என்றேன். நல்ல இயந்திரத்தை எடுத்துவிட்டு மட்டமான இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள், கடைசி வாரம் வந்ததும் தரத்தைக் குறைக்கிறார்கள்.

அவள் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். "வால்நட் மெஷின் இல்ல அத்தை. மெஷினுக்குத்தான் இந்த முகம் போடுவாங்க. வால்நட் ஆள். உங்களை மாதிரியே ட்ரையல்ல வந்தவங்க. அவங்க ரெண்டு வாரம் முடிஞ்சிருக்கும், பேரை எடுத்துட்டாங்க."

"காலி இருக்கையில் மெஷின் உட்காரும்னு போட்டிருக்கானே. நான் படிச்சேன்."

"காலியா இருந்தாத்தானே அத்தை."

பிறகு அவள் திரையின் மூலையில் இருந்த ஒரு பச்சைப் புள்ளியைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "அத்தை... மைக் ஆன்ல இருக்கு. முதல் நாள்லேர்ந்தா? நீங்க ஆடறப்போ ஏதாவது பேசினீங்களா?"

"நான் மேசையில பேசமாட்டேன்" என்றேன்.

கேக்கில் முந்திரி அதிகம். நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 6, திங்கள்

பீரோவை ஒழித்து அடுக்கினேன். மேல்தட்டில் இவருடைய மப்ளர், இரண்டு டை. அடுக்கிக்கொண்டிருக்கும்போது நான் சொன்னவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. காதைப் பற்றிச் சொன்னேன். கீழ்வீட்டுக்காரி என்று குக்கர்காரியைத் திட்டினேன். அந்த விசில் யார் வீட்டு விசில் என்று இப்போது தெரிகிறது. நான் திட்டியதும் அடுப்பை அணைத்திருக்கிறார்கள். கல்லறைத் திருநாளில் சொன்னதை எழுத விரும்பவில்லை.

ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

ஐம்பது வருடம் வாயைத் திறக்காமல் சீட்டாடியவள் நான். மிஸ்டர் லோபோ இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார்.

நவம்பர் 7, செவ்வாய்

ரத்து செய்யவில்லை. தேதி ஒன்பது. முந்திச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

டேப்லெட் மேசையிலேயே இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன், தூசுக்காக.

நவம்பர் 8, புதன்

இன்றும் நாளையும் என் கையில் இருக்கும் நாள்கள். கிடைத்ததை வீணாக்கக் கூடாது என்பதற்காக மட்டும் நாலு மணிக்குத் திறந்தேன். மைக்கை அணைக்க ஜெனிட்டா சொல்லித் தந்திருந்தாள். எந்தப் புள்ளி என்று மறந்துவிட்டது.

பிஸ்தா இரண்டு பிடி ஆடியது. திடீரென்று அந்தப் பெயர் அழிந்து வேறொன்று வந்தது. சத்தியபாமா. இயந்திர முகம் இல்லை.

"டர்னிப் அம்மாங்களா?" என்று ஒரு குரல். வயதான பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு.

"யார் பேசறது?"

"நான்தாங்க, வால்நட்டு."

டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன். பால் பாத்திரத்தை எடுத்தேன், வைத்தேன். அடியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"இருக்கீங்களா? பாத்திரம் உருட்டற சத்தம் கேக்குது. டீ போடறீங்களா? போட்டுக்கினு வாங்க, நான் இருக்கேன்."

இதற்கு மேல் ஒளிவது அநாகரிகம். வந்து நிமிர்த்தினேன்.

"இத்தனை நாள் வாயைத் திறக்காம எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தீங்களே, இது நல்ல பழக்கமா?" என்று கேட்டேன். முதலில் கேட்பவர் நாமாக இருப்பது நல்லது.

"மேசை மேல சீட்டு இருக்கறப்போ பேசக் கூடாதுங்க. கோலார் தங்கவயல்ல எங்க கிளப்பு சட்டம் அது. சுரங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்க எல்லாம் ஆடுவோம். எவளாவது தும்மினாக்கூட மேட்ரன் முறைப்பா."

"நல்ல மேட்ரன்."

"அந்த மேட்ரன் நான்தான். உங்க ஊர்ல அந்தச் சட்டம் இல்லபோல, அவங்க பழக்கம் அவங்களுக்குன்னு விட்டுட்டேன்."

என் வாழ்நாளில் இப்படி ஓர் அவமானம் நேர்ந்ததில்லை.

அவளுடைய இலவசக் காலம் சனிக்கிழமை முடிந்துவிட்டதாம். சந்தா கட்ட மகன் வர வேண்டும். பெங்களூரில் வேலை, இன்றுதான் வந்தானாம். காலையிலிருந்து மேசை மேசையாக எட்டிப் பார்த்து டர்னிப்பைத் தேடியிருக்கிறாள். "ஒரு மேசைல கேரட்டு, ஒரு மேசைல முள்ளங்கி. உங்களைக் காணோம். கோச்சிக்கினு போயிட்டீங்களோன்னு பயந்துட்டேன் அக்கா."

"நான் மூத்தவள்னு எப்படித் தெரியும்?"

"திட்டற தோரணைல தெரியுதே."

நான் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 9, வியாழன்

கடைசி நாள்.

காலையில் ரத்து செய்யும் பக்கத்தைத் திறந்தேன். ரத்து என்பதை அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. நான் ஒன்றைச் சொன்னபின் மறுபடி கேட்பது எனக்குப் பிடிக்காது. பக்கத்தை மூடிவிட்டேன்.

மீன்காரி சங்கரா கொண்டுவந்தாள். வாங்கினேன். ஜெனிட்டா போன் செய்து, "கேன்சல் பண்ணியாச்சா அத்தை? இன்னைக்குள்ள பண்ணலைன்னா எடுத்துக்குவான்" என்றாள். எனக்குத் தேதி தெரியும் என்றேன்.

நாலு மணிக்கு அவள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். வணக்கம் சொன்னாள், சொன்னேன். சீட்டு விழுந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். இன்ஸ்டிட்யூட்டில் இருந்ததுபோல, முதுகு நேராக, ஒரு சொல் இல்லாமல். முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவதும். மூன்றாவதில் துருப்பின் ஒன்பது, ஜாக்கிக்கு அடுத்த பெரிய சீட்டு, என் கையில் இருந்தும் தோற்றோம்.

"இன்னா அக்கா, உடம்பு சரியில்லையா?"

"சட்டப்படி ஆடறேன்."

"நீங்க சட்டப்படி ஆடினா எனக்குக் கையே ஓடலை. ஜாக்கியை எப்போ போடறதுன்னு தெரியலை. நீங்க 'முழிக்காதே, போடு'ம்பீங்க, போட்டுடுவேன்."

"அது எதிரணிக்கும் கேக்குமே."

"அதுங்க மெஷினு. அதுங்களுக்கு இன்னா தமிழ் தெரியும்?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் அவள் குரல் தணிந்தது.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்களே. வீட்டுக்காரருக்கு எதிர்ல ஒரு தடவைகூட உட்காரலைன்னு. எனக்குச் சீட்டே கண்ணுல தெரியலை. போடக் கூடாததைப் போட்டுட்டேன்."

"அதைப் பத்திப் பேச வேண்டாம்."

"ஒண்ணு சொல்லிடறேன் அக்கா. அப்புறம் பேசலை. எங்க கிளப்புல புருஷன் பொஞ்சாதி ஜோடியா ஆடலாம். ஆடினோம். தினம் சண்டை. நான் போட்ட சீட்டுக்கு வீடு வர்ற வரைக்கும் திட்டுவாரு. ஆட்டத்துல என் மூஞ்சைப் பார்த்ததே இல்லை. ஜோடியை எதுக்குப் பார்க்கணும், நம்ம பக்கம்தானேன்னு விட்டுடுவாங்க. எதிராளிதான் பார்ப்பான். கையைப் பார்ப்பான், கண்ணைப் பார்ப்பான், மூச்சு விடறதைப் பார்ப்பான். அத்தனை வருஷம் உங்க வீட்டுக்காரர் உங்களைத்தானே பார்த்துக்கினு இருந்திருப்பாரு?"

எனக்கு எந்தச் சீட்டு போயிற்று, எது பாக்கி என்பது மறந்துபோயிற்று. நான் அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று யோசித்ததே இல்லை. சனிக்கிழமைகளில் வீடு திரும்பும்போது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட நடந்தபடி, "இன்னைக்கு நாலாவது ஆட்டத்துல கையில ஒண்ணுமே இல்லாம கேட்டே, இல்லையா?" என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லமாட்டார். ஒவ்வொரு வாரமும் சரியாகச் சொல்வார்.

"உங்க முறை அக்கா" என்றாள் சத்தியபாமா.

"தெரியும். உன் ஜாக்கியைத் தயாரா வச்சுக்கோ" என்றேன். நான் என் பத்தை இறக்கினேன். அவள் பொத்தி வைத்திருந்தாள். போட்டாள். அந்த ஆட்டமும் அடுத்த ஆட்டமும் வென்றோம்.

இருட்டத் தொடங்கியபோது அவளுக்கு விளக்கு வைக்கும் நேரம். "இன்னியோட உங்க ரெண்டு வாரம் முடியுதுன்னு அன்னிக்குச் சொன்னீங்களே, நாளைக்கு வருவீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

"நாளைக்குப் பத்து நிமிஷம் லேட்டாகும். வேற யாரையும் உட்கார வச்சுடாதே. காத்திரு."

"இன்னா வேலை?"

"இருக்கு."

"சரி, காத்திருக்கேன்."

நாளை நாலு மணிக்கு எனக்கு எந்த வேலையும் இல்லை. ஒருவர் எனக்காகக் காத்திருக்கட்டும் என்று தோன்றியது.